விரல் படாத கிளிக்

மவுஸின் கதை – பகுதி 9

சென்ற பகுதியில் மவுஸை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட்டிடமும் பில் இங்கிலிஷிடமும் விடைபெற்று, ஸெராக்ஸ் ஆல்ட்டோ கணினி வழியாக 1984 ஜனவரி 24ஆம் தேதிக்கு வந்து சேர்ந்தோம். ஆப்பிளின் மெக்கின்டாஷ் வெளியான நாள் அது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த மவுஸ் சாதாரண வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியது. இந்த வாரம் அந்த நாளிலிருந்து சில மாதங்கள் பின்னே போக வேண்டும். மெக்கின்டாஷ் கடைக்கு வரும் முன்பே, அதன் மவுஸை ஒருவரும் தொடாத நேரத்தில், அதன் திரையில் கிளிக்குகள் சரமாரியாக விழுந்துகொண்டிருந்தன.

அது எப்படி முடிந்தது என்று புரிய வேண்டுமானால், கிளிக் என்பது கணினிக்குள் என்னவாக இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பொத்தானை அழுத்தும்போது மவுஸுக்குள் ஒரு சிறிய சுவிட்ச் மூடுகிறது. இயங்குதளம் அதைக் கவனித்து ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. மெக்கின்டாஷில் அந்தக் குறிப்பின் நீளம் 16 பைட். என்ன நடந்தது, அதைச் சார்ந்த கூடுதல் தகவல் என்ன, எப்போது நடந்தது, திரையில் எந்த இடத்தில், அப்போது ஷிஃப்ட் போன்ற விசைகள் அழுந்தியிருந்தனவா என்ற ஐந்து விவரங்கள்தான் அதில் இருக்கும். பொத்தான் கீழே போனால் 1 என்று எழுதப்படும், மேலே வந்தால் 2. நேரம் விநாடியின் அறுபதில் ஒரு பங்கு என்ற கணக்கில் குறிக்கப்படும். எழுதிய குறிப்பு ஒரு வரிசையில் போய் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் செயலி வந்து, அடுத்து என்ன என்று கேட்டு அதை எடுத்துக்கொள்ளும்.

அந்த 16 பைட்டில் கையைப் பற்றி ஒன்றுமே இல்லை. யார் அழுத்தினார்கள், உண்மையிலேயே அழுத்தினார்களா என்று கேட்கும் இடமே அதில் கிடையாது. வரிசையில் ஒரு குறிப்பைச் சேர்க்கத் தெரிந்த எந்த நிரலும் கிளிக் செய்யலாம். பின்னாளில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை ஓட்டை என்றார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கை அசையாத ஒரு மனிதர் மூக்கு நுனியை அசைத்துக் கணினியில் கடிதம் எழுத முடிகிறது என்றால், அந்த 16 பைட்டில் கையைப் பற்றிக் கேள்வி இல்லாததுதான் காரணம். ஓட்டையும் வாசலும் ஒரே இடத்தில் இருப்பதால் வந்த நாற்பது ஆண்டு இழுபறிதான் இந்தப் பகுதியின் கதை.

1983இன் பிற்பகுதியில் குப்பர்டினோவில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் குழு கடைசிக்கட்ட நெருக்கடியில் இருந்தது. இயந்திரத்தின் நினைவகம் 128 கிலோபைட். திரையில் தெரியும் படம், இயங்குதளத்தின் தேவைகள், மேக்ரைட் அல்லது மேக்பெயின்ட், அதில் பயனர் எழுதியது, வரைந்தது என்று எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நினைவகம் தீரப்போகும் விளிம்பில்தான் மோசமான பிழைகள் பதுங்கியிருக்கும். ஆட்களை உட்காரவைத்து அவற்றைத் தேடினால் காலம் போதாது. ஆப்பிளின் இன்னொரு கணினியான லிசாவின் குழுவிலிருந்து வந்திருந்த ஸ்டீவ் கேப்ஸ் இதற்காக ஒரு சிறிய கருவியை எழுதினார். அதன் பெயர் மங்கி. இயக்கிவிட்டால் போதும், அம்புக்குறியைக் கண்டபடி நகர்த்தும், கண்ட இடத்தில் கிளிக் செய்யும், மெனுக்களை இழுத்துத் திறக்கும், எழுத்துகளைத் தட்டித் தள்ளும். கோபம் கொண்ட ஒரு குரங்கு படுவேகமாக இயந்திரத்தை இயக்குவதுபோல் இருக்கும் என்று குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கேப்ஸ் இதற்காகப் புதிதாக வழி வெட்டவில்லை. மெக்கின்டாஷை வாங்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் மவுஸைக் கண்டதே இல்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, இயந்திரத்தோடு ஒரு வட்டும் ஓர் ஒலிநாடாவும் தரத் திட்டமிட்டிருந்தார்கள். நாடாவில் குரல் விளக்கிக்கொண்டே போகும்; திரையில் அம்புக்குறி தானே நகர்ந்து அதைச் செய்துகாட்டும். அதற்காக இயங்குதளத்துக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மவுஸ் எங்கே இருக்கிறது, பொத்தான் அழுந்தியிருக்கிறதா, அடுத்த நிகழ்வு என்ன என்று செயலி கேட்கும் கேள்விகளை இடைமறித்து, ஏற்கெனவே பதிந்துவைத்த விடைகளைக் கொடுக்கும் ஏற்பாடு. அந்தப் பதிவின் இடத்தில் தன் போக்கில் உருவான எண்களைச் செலுத்தினார் கேப்ஸ். பாடம் நடத்த வைத்திருந்த வழியில் குரங்கு உள்ளே நுழைந்தது.

ஒரு சிக்கல் உடனே தலைகாட்டியது. மெனுவில் வெளியேறு என்ற கட்டளையும் இருக்கிறதே! கண்ட இடத்தில் கிளிக் செய்யும் குரங்கு எப்படியும் அதையும் தொட்டுவிடும், செயலி மூடிக்கொள்ளும், சோதனை அத்தோடு நின்றுபோகும். குரங்கு ஓடுகிறதா என்பதைக் காட்டும் ஓர் அடையாளத்தை நினைவகத்தில் வைத்துவிடலாம் என்ற யோசனையைக் குழுவில் இருந்த பில் அட்கின்சன் சொன்னார். மேக்ரைட்டும் மேக்பெயின்ட்டும் அந்த அடையாளத்தைப் பார்த்தால் வெளியேறும் கட்டளையை முடக்கிக்கொள்ளும். இரவெல்லாம் குரங்கு ஓடும். செயலி தன்னிடம் வரும் கிளிக் மனிதருடையதா என்று கேட்டு, விடைக்கேற்ப நடந்துகொண்ட மிகப் பழைய சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அன்று அந்தக் கேள்வியில் சந்தேகம் இருக்கவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது.

விண்டோஸ் உலகில் இந்த ஆற்றலைச் சாதாரணப் பயனரின் கையில் கொடுத்தது ரெக்கார்டர் என்ற சிறு செயலி. 1990 மே மாதம் வெளிவந்த விண்டோஸ் 3.0இல் அது கூடவே வந்தது. பதிவைத் தொடங்கி, வேலையை ஒருமுறை செய்து, பதிவை நிறுத்தி, ஒரு குறுக்குவிசையை ஒதுக்கிவிட்டால் போதும். அடுத்த முறை அந்த விசையைத் தட்டினால் எல்லாம் தானாக நடக்கும். தினமும் அதே பட்டியலைத் திறந்து அதே கட்டத்தில் அதே எண்ணை நிரப்பும் அலுவலக ஊழியருக்கு இது பெரிய வரம். ஆனால் பதிவில் இருந்தது பொத்தானின் பெயர் அன்று, அது இருந்த இடம். திரையில் இத்தனையாவது புள்ளி என்றோ, சாளரத்தின் மூலையிலிருந்து இத்தனை தொலைவு என்றோதான் அதற்குத் தெரியும். திரையின் அளவு மாறியிருந்தால், நடுவில் ஓர் எச்சரிக்கைச் சாளரம் குதித்திருந்தால், கிளிக் வேறெங்கோ போய் விழும். சேமிக்கும் பொத்தான் இருந்த இடத்தில் அழிக்கும் பொத்தான் வந்திருந்தால் அதில் விழும்.

1995இல் விண்டோஸ் 95 வந்தபோது ரெக்கார்டர் அதில் இல்லை. அது நம்பியிருந்த அடிப்படை ஏற்பாடும் காலத்துக்குப் பொருந்தாமல் போயிற்று. பழைய விண்டோஸில் எல்லாச் செயலிகளும் ஒரே வரிசையில் நின்று உள்ளீட்டை வாங்கின. புதிய விண்டோஸில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. பதிவை ஓட்டும்போது மட்டும் அத்தனை பேரையும் மறுபடி ஒரே வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு செயலி திணறினால் எல்லாமே உறைந்துவிடும். அதனால்தான் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு ஓட்டம் ரத்தாகும் என்று விதி வைத்தார்கள். எந்தத் தானியங்கிக் கையையும் தட்டிவிட மனிதரிடம் ஒரு விசை இருக்க வேண்டும் என்ற அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. பிற்கால வடிவமைப்புகள் பலவற்றில் இந்தத் தெளிவு இல்லை.

ரெக்கார்டர் விட்டுப்போன இடத்தை வெளியார் நிரப்பினார்கள். 1999இல் ஜோனதன் பென்னட்டின் ஆட்டோஇட், 2003இல் கிறிஸ் மேலட்டின் ஆட்டோஹாட்கீ. இரண்டும் இலவசம். உலகெங்கும் எத்தனையோ அலுவலக மேசைகளில் சத்தமில்லாமல் வேலை செய்யும் சிறுசிறு நிரல்களுக்குத் தாய்வீடு இவைதாம்.

இங்கே சற்று நின்று, விண்டோஸில் நிரல் வழியாகக் கிளிக் செய்யும் இரண்டு பாதைகளைப் பார்க்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட புரோகிராமர்கள் ஏராளம்.

முதல் பாதை, போஸ்ட்மெசேஜ். ஒரு குறிப்பிட்ட சாளரத்துக்கு, உன்மேல் இந்த இடத்தில் இடது பொத்தான் அழுந்தியது என்றும், பிறகு மேலே வந்தது என்றும் நேரடியாகச் செய்தி அனுப்புவது. தபால் அலுவலகத்தில் சேர்க்காமல், கடிதத்தை நாமே ஒருவர் வீட்டுக் கதவுக்கு அடியில் செருகிவிட்டு வருவதைப் போன்றது இது. வீட்டுக்காரர் எடுத்துப் படிப்பார். ஆனால் தபால் அலுவலகப் பேரேட்டில் அப்படியொரு கடிதம் வந்ததாகவே பதிவு இருக்காது. சாதாரணப் பொத்தான் என்றால் இதுவே போதும். அந்தச் சாளரம் வேறொன்றின் பின்னால் மறைந்திருந்தாலும் கிளிக் போய்ச் சேரும். திரையில் அம்புக்குறி அசையவே அசையாது. ஆனால் சில செயலிகள் செய்தி வந்ததும், மவுஸ் பொத்தான் இப்போது உண்மையில் அழுந்தியிருக்கிறதா, அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்திடம் ஒருமுறை விசாரிக்கும். இயங்குதளம் இல்லை என்று சொல்லும். கிளிக் பலிக்காது.

இரண்டாவது பாதை, செண்ட்இன்புட். இது மவுஸிலிருந்து குறிப்புகள் வந்து சேரும் ஊற்றுக்கண்ணிலேயே கலப்பது. இதற்கு முன் மவுஸ்_ஈவென்ட் என்ற பழைய கட்டளை இருந்தது. அதில் ஒவ்வொரு அசைவையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். இடையில் மனிதர் மவுஸைத் தொட்டுவிட்டால் இரண்டும் கலந்து குழம்பும். விண்டோஸ் 98 காலத்தில் வந்த செண்ட்இன்புட், நகர்த்து, அழுத்து, விடு என்ற மூன்றையும் ஒரே கட்டாகக் கொடுக்க வைத்தது. கட்டுக்கு நடுவே வேறெதுவும் புகாது.

இதிலும் புதியவர் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. திரையின் புள்ளிக் கணக்கை இது அப்படியே ஏற்காது. திரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் இடது ஓரம் 0, வலது ஓரம் 65,535 என்பதுதான் இதன் அளவுகோல். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 960ஆவது புள்ளியைத் தொட வேண்டுமானால் 32,768 என்று கொடுக்க வேண்டும். தெரியாமல் 960 என்றே கொடுத்தால், அம்புக்குறி இடது ஓரத்தில் 28ஆவது புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். அழுத்து என்று சொல்லிவிட்டு விடு என்று சொல்ல மறந்தால் இன்னும் சங்கடம்: பொத்தான் அழுந்தியே இருப்பதாக விண்டோஸ் நம்பும், அடுத்து மவுஸை நகர்த்தும்போது திரையில் உள்ள கோப்புகள் கூடவே இழுபடும்.

யூனிக்ஸ் பக்கம் இதே காலத்தில் வேறொரு சிந்தனை ஓடியது. எம்.ஐ.டி.யில் 1984இல் பிறந்து 1987இல் பதினோராம் பதிப்பாக நிலைபெற்ற எக்ஸ் சாளர அமைப்பில், செயலி ஒரு கணினியிலும் அதன் திரை வேறொரு கணினியிலும் இருக்கலாம். ஒரு திரையோடு இணைய அனுமதி பெற்ற எந்தச் செயலியும் அதே திரையில் உள்ள மற்றொன்றுக்குக் கிளிக்கும் விசைத்தட்டலும் அனுப்பலாம். வடிவமைப்பாளர்கள் இதைத் தடுக்கவில்லை. ஆனால் அப்படி அனுப்பப்படும் ஒவ்வொன்றின்மேலும், இது கையால் வந்ததன்று, அனுப்பப்பட்டது என்று ஒரு பிட்டில் முத்திரை குத்தினார்கள். அனுப்புகிறவரால் அந்த முத்திரையை அழிக்க முடியாது. ஏற்பதும் தள்ளுவதும் பெறுகிறவர் விருப்பம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எக்ஸ்டெர்ம் செயலி, முத்திரை உள்ளவற்றைத் தானாகவே தள்ளிவிடும். யாரோ ஒருவர் வெளியிலிருந்து உங்கள் முனையத்தில் கோப்புகளை அழிக்கும் கட்டளையைத் தட்டிவிடக்கூடாதே!

நேர்மையான ஏற்பாடு இது. பொய்யை அனுமதித்து, அது பொய் என்பதை மட்டும் மறைக்கவிடாத ஏற்பாடு. ஆனால் நிலைக்கவில்லை. சாளர அமைப்பையே சோதிக்க வேண்டியவர்களுக்கு, உண்மையான மவுஸிலிருந்து வந்ததாகவே தோன்றும் கிளிக் தேவைப்பட்டது. அதற்காக 1990களின் தொடக்கத்தில் எக்ஸ்டெஸ்ட் என்ற நீட்சி வந்தது. அதன் வழியாகச் செல்லும் கிளிக்கில் முத்திரை கிடையாது. சோதனைக்கென்று வந்த நீட்சி ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. லினக்ஸில் தானியங்கி வேலை செய்கிறவர்கள் நன்கறிந்த எக்ஸ்டுடூல் என்ற கருவி இரண்டு வழிகளையும் பயன்படுத்துகிறது. குறிப்பிட்ட ஒரு சாளரத்துக்கு அனுப்பச் சொன்னால் முத்திரையோடு போகும். பொதுவாகக் கிளிக் செய்யச் சொன்னால் முத்திரை இல்லாமல் போகும். முன்னதைச் சில செயலிகள் ஏன் மதிப்பதில்லை என்று குழம்புகிறவர்களுக்கு விடை 1987இல் இருக்கிறது.

இத்தனை தொழில்நுட்பத்துக்கும் நடுவே, இந்த ஆற்றல் யாருக்கு உயிர்த்தேவையாக இருந்ததோ அவர்களிடம் வருவோம்.

அமெரிக்காவின் மேடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையம் 1971இலிருந்தே மாற்றுத்திறனாளிகளுக்கான தொடர்புச் சாதனங்களில் உழைத்து வந்தது. அதை நடத்தியவர் கிரெக் வாண்டர்ஹைடன். மவுஸ் பரவத் தொடங்கியதும் அந்த மையம் ஆபத்தை உடனே உணர்ந்தது. விசைப்பலகையை வாயில் பிடித்த குச்சியால் அழுத்தி வேலை பார்த்துவந்த ஒருவரால் மவுஸை நகர்த்திக்கொண்டே பொத்தானை அழுத்த முடியாது. பலருக்குக் கணினியை எளிதாக்கிய அதே சாதனம் அவர்களை வெளியே தள்ளியது. அதற்கு விடையாகத்தான் எண்விசைகளால் அம்புக்குறியை நகர்த்தும் மவுஸ்கீஸ் வந்தது. விண்டோஸில் 5ஐ அழுத்தினால் கிளிக், கூட்டல் குறியை அழுத்தினால் இரட்டை கிளிக், 0 பொத்தானைப் பிடித்துவைக்கும், புள்ளி விடுவிக்கும். ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் இந்த யோசனையை ஏற்றன. விண்டோஸ் 95இல் இது உள்ளேயே அமைந்துவந்தது. இன்றும் உங்கள் கணினியில் இருக்கிறது.

பாஸ்டன் கல்லூரியில் ஜேம்ஸ் கிப்ஸும் மார்கிரிட் பெட்கேயும் உருவாக்கிய கேமரா மவுஸ் அடுத்த படி. கணினியின் முன்னுள்ள கேமரா, பயனரின் மூக்கு நுனியையோ உதட்டின் ஓரத்தையோ தொடரும். முகம் அசைந்தால் அம்புக்குறி அசையும். ஒரே இடத்தில் சிறிது நேரம் நின்றால் கிளிக். பெருமூளை வாதத்தால் கைகள் கட்டுக்குள் இல்லாத குழந்தைகளுக்கும், பேச்சிழந்த பெரியவர்களுக்கும் அது பயன்பட்டது. 2007இலிருந்து இலவசமாகவே கிடைத்தது. அப்படி ஒரு குழந்தை திறந்த செயலிக்கு இது எதுவும் தெரியாது. அதற்குக் கிடைத்தது ஒரு கிளிக், அவ்வளவுதான். அது தெரியாமல் இருந்ததால்தான், தனியாக எழுதப்பட்ட சிறப்புச் செயலிகளுக்குக் காத்திராமல், எல்லாப் பிள்ளைகளும் விளையாடும் அதே விளையாட்டை அந்தக் குழந்தையும் விளையாடியது.

2002 ஆகஸ்டில் மறுபக்கம் வெளிப்பட்டது. விண்டோஸில் ஒரே திரையில் இருக்கும் சாளரங்கள் எல்லாம் சமம். எதுவும் எதற்கும் செய்தி அனுப்பலாம். சாதாரணப் பயனரின் செயலி, இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடு ஓடும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் சாளரத்துக்கும் அனுப்பலாம். இதை வைத்தே முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று ஓர் ஆய்வாளர் செய்துகாட்டினார். அதிகாரம் மிகுந்த செயலிகள் பயனரின் திரையில் சாளரம் திறந்ததுதான் தவறு என்று மைக்ரோசாஃப்ட் வாதிட்டது. ஆயினும் அந்த ஆண்டு டிசம்பரில் அந்த ஆய்வாளர் பயன்படுத்திய செய்திவகைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. அடிப்படை ஏற்பாடு மாற 2007 வரை ஆயிற்று. விண்டோஸ் விஸ்டாவில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு நம்பகப் படிநிலை வகுக்கப்பட்டது. கீழ்ப்படியில் உள்ளது மேல்படியில் உள்ளதற்குக் கிளிக் அனுப்ப முடியாது. நிர்வாக அனுமதி கேட்கும்போது திரை முழுவதும் மங்கி, தனியொரு திரையில் கேள்வி மட்டும் நிற்கும். வேறெந்தச் செயலியின் கிளிக்கும் அங்கே எட்டாது.

இந்தச் சுவர் கட்டப்பட்ட விதத்தில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. தடுக்கப்பட்டால் செண்ட்இன்புட் அதைத் தெரிவிப்பதில்லை. திரும்பிவரும் எண்ணிலும் தடயம் இருக்காது, பிழைக்குறியிலும் இருக்காது. எல்லாம் சரியாக நடந்ததுபோலவே இருக்கும், கிளிக் மட்டும் விழுந்திருக்காது. நிர்வாகியாக ஓடும் ஒரு சாளரத்தின்மேல் மட்டும் தன் கருவி ஏன் ஊமையாகிறது என்று தேடும் புரோகிராமருக்கு இயங்குதளம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சுவரில் ஒரு கதவும் வைத்தார்கள். திரைபடிப்பான், தலையசைவு மவுஸ் போன்ற உதவிச் செயலிகள் மேல்படியிலும் கிளிக் செய்யத் தனி அனுமதி பெறலாம். அதற்கு மின்னணுக் கையொப்பம் வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுவப்பட்டிருக்கவும் வேண்டும். நியாயமான நிபந்தனைகள்தாம். ஆனால் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு மாணவர் தம் தாத்தாவுக்காக எழுதிய இலவசக் கருவிக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது.

சுவர் கட்டியவர்களே அதைத் தாழ்த்தியதும் உண்டு. விஸ்டாவின் ஓயாத அனுமதிக் கேள்விகள் மக்களைச் சலிப்படையச் செய்ததால், விண்டோஸ் 7இன் முன்னோட்டப் பதிப்பில், விண்டோஸின் சொந்த அமைப்புகளைப் பயனர் மாற்றினால் கேட்க வேண்டாம் என்று தளர்த்தினார்கள். அனுமதிக் கேள்வியையே முழுதாக நிறுத்தும் பொத்தானும் அந்தச் சொந்த அமைப்புகளில் ஒன்று. 2009 தொடக்கத்தில் லாங் ஜெங், ரஃபேல் ரிவேரா என்ற இருவர், பயனரின் விசைத்தட்டல்களைப் பாவனை செய்யும் ஒரு சிறு நிரலால் அதை நிறுத்திக் காட்டினார்கள். திட்டமிட்ட வடிவமைப்புதான் அது என்று முதலில் சொன்ன மைக்ரோசாஃப்ட், எதிர்ப்பு வலுத்ததும் பிப்ரவரி மாதமே பின்வாங்கி, அந்த அமைப்புச் சாளரத்தை மேல்படிக்கு மாற்றியது.

மேக் உலகில் இந்த மோதல் இன்னும் கூர்மையாக நடந்தது. தொடக்கத்தில் உதவிச் சாதனங்களுக்கு அணுகல் தருக என்று எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டி இருந்தது. 2013இல் மேவரிக்ஸ் பதிப்பில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அனுமதி என்றானது. அதற்குள் கெட்டவர்கள் வழியறிந்துவிட்டார்கள். 2015இல் ஜெனியோ என்ற விளம்பர மென்பொருளின் நிறுவி, கடவுச்சொற்களைக் காக்கும் கீசெயினின் கேள்வி திரையில் தோன்றியவுடன் அனுமதி என்ற பொத்தானைத் தானே கிளிக் செய்துகொண்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் கேள்வி வந்து போய்விடும்.

இதைத் துருவி ஆராய்ந்தவர் பேட்ரிக் வார்டில். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் முன்பு பணிபுரிந்தவர். 2018 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் டெஃப்கான் மாநாட்டில் அவர் நிகழ்த்திய உரை முழுவதும் போலிக் கிளிக்குகளைப் பற்றியதே. அவர் காட்டிய ஒரு வழி என்னைச் சங்கடப்படுத்துகிறது. மவுஸ்கீஸை நிரல் வழியாக இயக்கிவிட்டு, எண்விசை 5ஐத் தட்டியதாகப் பாவனை செய்தால், அது கிளிக்காக மாறிப் பாதுகாப்புக் கேள்வியின்மேல் விழும். நிரலின் கிளிக்கை மறுத்த இயங்குதளம், மவுஸ்கீஸ் தந்த கிளிக்கை மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது, அதை நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிள் 2017 அக்டோபரில் இந்த வழியை அடைத்தபோது, கிளிக்கைத் தடுப்பதோடு நிற்காமல், அந்தக் கேள்வியோடு பயனரின் கடவுச்சொல்லையும் கேட்டது. தலையசைத்து ஒரு கிளிக்கில் முடித்துக்கொண்டிருந்தவர் இனி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்த வேண்டும்.

உரையின் இன்னொரு கண்டுபிடிப்பு தற்செயலானது. ஹை சியேரா பதிப்பு, முக்கியமான கேள்விகளின்மேல் விழும் போலிக் கிளிக்குகளை வடிகட்டியது. வார்டில் நிரல் எழுதும்போது, அழுத்து என்ற வரியைப் பிரதியெடுத்து ஒட்டி, இரண்டாவதை விடு என்று திருத்த மறந்துவிட்டார். அழுத்து, அழுத்து என்று இரண்டு முறை போயிற்று. இயங்குதளம் இரண்டாவது அழுத்தலைத் தானாகவே விடுதலாக மாற்றிக்கொண்டது. அப்படி மாற்றியது தானே என்பதால், அந்தக் கிளிக் தன்னிடமிருந்தே வந்ததாகக் கருதி அனுமதித்துவிட்டது.

மொஹாவே பதிப்பில் ஆப்பிள் மேலும் இறுக்கியது. 2019 ஜூன் தொடக்கத்தில் மொனாக்கோவில் வார்டில் அதையும் தாண்டிக் காட்டினார். பழைய செயலிகள் பழுதாகாமல் இருக்க ஆப்பிள் ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்திருந்தது, அதில் வி.எல்.சி. என்ற காணொளிச் செயலியும் இருந்தது. பட்டியலில் உள்ள செயலியின் கையொப்பத்தை மட்டும் சரிபார்த்து, அதனுள் செருகப்பட்ட துணைநிரல்களைப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். ஓரிரு நாளிலேயே ஆப்பிள் தன் ஆண்டு மாநாட்டில் வாய்ஸ் கன்ட்ரோலை அறிவித்தது. திரையில் உள்ள பொத்தான்களுக்கு எண்கள் இட்டு, எண்ணைச் சொன்னாலே கிளிக் செய்யும் வசதி, இயங்குதளத்துக்குள்ளேயே. நம்ப வேண்டிய கையை வெளியே விடாமல் தானே செய்து தருவது என்ற முடிவு அது. விண்டோஸ் 10இலும் 2017இல் கண்ணசைவுக் கட்டுப்பாடு அப்படி உள்ளே வந்திருந்தது. பெரிய நிறுவனம் யோசித்துத் தந்த வசதிகள் பொருந்துகிறவர்களுக்கு இது நன்மை. பொருந்தாத உடலோடு இருப்பவருக்கு வெளியார் எழுதும் கருவிகள் இன்னும் வேண்டும்.

சோதனையாளர்களின் பாதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000இல் ஜாவா 1.3இல் ரோபாட் என்ற வகுப்பு வந்து, எந்த இயங்குதளத்திலும் ஒரே நிரலால் கிளிக் செய்ய வைத்தது. மைக்ரோசாஃப்டின் யூ.ஐ. ஆட்டோமேஷன், இடத்தைப் பார்த்துக் கிளிக் செய்வதை விடுத்து, பெயர் சொல்லிப் பொத்தானை அழைத்து, உன் வேலையைச் செய் என்று ஏவியது. திரைபடிப்பான்களுக்காக வளர்ந்த அந்த ஏற்பாட்டைச் சோதனையாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ரெக்கார்டரின் பழைய நோய்க்கு அதுவே சரியான மருந்து. 2009இல் எம்.ஐ.டி.யின் சிக்குலி, பொத்தானின் படத்தைக் கொடுத்தால் திரையில் அதைத் தேடிக் கிளிக் செய்தது. 2024இலிருந்து மொழி மாதிரிகளே திரையைப் பார்த்து எங்கே கிளிக் செய்வது என்று முடிவெடுக்கத் தொடங்கியிருக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும்.

லினக்ஸில் எக்ஸின் இடத்தைப் பிடிக்க, 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் வேலண்டைத் தொடங்கினார். அதில் ஒரு செயலி மற்றொன்றுக்குக் கிளிக் அனுப்ப வழியே வைக்கப்படவில்லை. முத்திரையோடும் இல்லை, முத்திரை இல்லாமலும் இல்லை. பாதுகாப்பு உயர்ந்தது. எக்ஸ்டுடூல் அங்கே பழையபடி உதவவில்லை. தலையசைவு மவுஸ்களும் திரைவிசைப்பலகைகளும் தடுமாறின. இயங்குதளத்தின் கருவான கெர்னலின் அடிமட்டத்தில் யூஇன்புட் வழியாகப் போலி மவுஸ் ஒன்றை உருவாக்கலாம். ஆனால் அதற்கு வழக்கமாக நிர்வாகி உரிமை வேண்டும். ஒரு கிளிக்குக்காக இயந்திரத்தின் மொத்தச் சாவியையும் கொடுப்பது முறையாகாது.

பல ஆண்டுகள் இந்தக் குறை அப்படியே கிடந்தது. ரெட்ஹேட் நிறுவனத்தில் உள்ளீட்டுச் சாதனங்களின் வேலையைக் கவனித்துவந்த பீட்டர் ஹட்டரர் எழுதிய லிப்-ஈஐ என்ற நிரலகம் 2023இல் முதல் முழுப் பதிப்பாக வந்தது. கிளிக் அனுப்ப விரும்பும் செயலி முதலில் திரையை ஆளும் நிரலிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயனரிடம் கேள்வி போகும். அவர் சம்மதித்த பிறகே கிளிக்குகள் ஏற்கப்படும். அவை எந்தச் செயலியிலிருந்து வருகின்றன என்பதும் தெரிந்திருக்கும். வேண்டாதபோது நிறுத்தவும் செய்யலாம். 1987இன் முத்திரையும் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட்டின் உரிமையும் சேர்ந்து திரும்பிவந்த ஏற்பாடு என்று இதைச் சொல்வேன். நான் அறிந்தவற்றில் இதுவே மிக நேர்மையானது.

அதிலும் ஒரு முடிச்சு மிச்சம் இருக்கிறது. சம்மதம் கேட்கும் அந்தச் சாளரத்திலும் ஒரு பொத்தான் இருக்கிறது. தலையசைவுக் கருவியால் மட்டுமே கிளிக் செய்யக்கூடிய ஒருவர், அந்தக் கருவிக்கு அனுமதி தர, அனுமதி இன்னும் பெறாத அதே கருவியால் அந்தப் பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஒருமுறை தந்த சம்மதத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி பின்னர் சேர்ந்திருக்கிறது. முதல் தடவைக்கு மட்டும், இன்றைய நிலையில், பக்கத்தில் இருக்கும் யாராவது மவுஸைத் தொட்டுத்தான் தர வேண்டும்.

(தொடரும்)